படகைக் கூட்டினால் கூட்டம் எங்கே போகும்?

களியக்காவிளை எல்லைக்குக் கிழக்கே வசிக்கும் எங்களுக்குக் கொச்சி வேற்றூராகத் தோன்றுவதில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற எங்கள் கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்கிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் போய் வருபவர்களுக்கும் குறைவில்லை. ஆகவே 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து, குளிரூட்டப்பட்ட அந்த மின்படகுகளைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் அடிபடுகிறது. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: படகுகளை இன்னும் கூட்டிவிட்டால் நெரிசல் தீர்ந்துவிடும், கன்னியாகுமரியிலும் அப்படியே செய்தால் என்ன?

இது பாதி உண்மை. படகைக் கூட்டுவது கரையில் நிற்கும் வரிசையைக் குறைக்கும். அதே கையோடு, நீரில் படகும் படகும் நெருங்கும் சமயங்களைக் கூட்டும். வரிசை எல்லார் கண்ணுக்கும் தெரியும், செய்தித்தாளிலும் படமாக வரும். நீரில் நடப்பது, விபத்து ஒன்று நேரும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க உதவும் கருவிதான் கணினி சிமுலேஷன், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது. பொறியியல் மாணவர்களுக்கு அதைப் பாடமாக நடத்தி வருகிறேன் என்பதால், கொச்சித் துறைமுகத்தை முன்வைத்து அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு துறைமுகத்தில் பத்துப் படகுகள் ஓடுகின்றன என்றால், அவற்றுள் ஒன்றையொன்று சந்திக்கக்கூடிய இணைகள் 45. படகுகளை இருபதாக்கினால் இருக்கைகள் இரண்டு மடங்காகும்; இணைகளோ 190 ஆகிவிடும், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். எல்லா இணைகளும் உண்மையில் சந்திப்பதில்லை என்பது சரிதான். வெவ்வேறு தடத்தில் ஓடும் படகுகள் நாள் முழுவதும் ஒன்றையொன்று பாராமலே இருக்கலாம். ஆனால் அத்தனை தடங்களும் ஒரு குறுகிய வாய் வழியே போக வேண்டியிருந்தால், அந்த ஆறுதலில் பெரும்பகுதி போய்விடுகிறது. எந்த இணை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் சந்திக்கும் என்று கேட்கும்போது காகிதக் கணக்கு கைவிரித்துவிடும். அங்கிருந்துதான் சிமுலேஷனின் வேலை தொடங்குகிறது.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஆராய்ந்தவர்கள். அங்கே பயணிகள் படகுச் சேவையைப் பெருமளவில் விரிவுபடுத்தும் திட்டம் கலிபோர்னியா சட்டமன்றத்தின் முன் வந்தபோது, நீர்வழியில் நெரிசலும் அதனால் ஆபத்தும் எவ்வளவு கூடும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஜேசன் மெரிக், ரெனே வான் டோர்ப் முதலியோர் அடங்கிய குழு அதற்கென ஒரு சிமுலேஷன் மாதிரியை உருவாக்கி, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்கள் விபத்துகளை எண்ணவில்லை. விபத்து அரிதானது, எண்ணுவதற்குப் போதுமான விபத்துகள் சேரும்வரை காத்திருக்க எந்த ஊருக்கும் மனம் வராது. அவர்கள் எண்ணியது கலங்கள் ஒன்றையொன்று நெருங்கும் சந்திப்புகளை. அன்றைய நிலையில் எத்தனை, முன்வைக்கப்பட்ட மூன்று விரிவாக்கத் திட்டங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணி, விரிகுடாவின் எந்தப் பகுதியில் அவை குவிகின்றன என்பதை வரைபடமாகவே காட்டினார்கள். அந்த வரைபடம்தான் ஆய்வின் சாரம் என்று நான் நினைக்கிறேன். மொத்தத்தில் இவ்வளவு கூடும் என்று சொல்லும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அதிகாரி எதையும் செய்ய முடியாது. இன்ன மூலையில் கூடுகிறது என்று தெரிந்தால் தடத்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம்.

இந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் அதற்கு முன்பே வாஷிங்டன் மாநிலப் படகுகளையும், 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் பகுதியையும் ஆராய்ந்திருந்தார்கள். வாஷிங்டன் ஆய்வில் அவர்கள் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். மோதல் நடக்குமா என்பதோடு நிற்காமல், நடந்தால் பயணிகளைக் காப்பாற்ற எவ்வளவு நேரத்துக்குள் உதவி வந்து சேர வேண்டும் என்றும் பார்த்தார்கள். நம் ஊரில் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு உயிர்காப்பு மேலங்கியோடு முடிந்துவிடுகிறது.

இப்போது கொச்சிக்கு வருவோம். கோட்டைக்கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே, அரை கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்தில், துறைமுகத்தின் வாய் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நீர் இரண்டாகப் பிரிந்து, வில்லிங்டன் தீவின் ஒருபுறம் எர்ணாகுளம் கால்வாயாகவும் மறுபுறம் மட்டாஞ்சேரிக் கால்வாயாகவும் போகிறது. அந்தத் தீவின் பெரும்பகுதியே ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் காலத்தில் கால்வாயைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான். இந்த வாய் வழியேதான் வல்லார்பாடம் முனையத்துக்குப் போகும் கண்டெய்னர் கப்பல்கள், கப்பல் கட்டும் தளத்துக்குப் போகும் கப்பல்கள், கடற்படைக் கலங்கள், இழுவைப் படகுகள், தோப்பும்படிக்குத் திரும்பும் விசைப்படகுகள், சுற்றுலாப் படகுகள் எல்லாம் கடலுக்கும் துறைக்குமாகப் போய் வருகின்றன. இவை அனைத்துக்கும் குறுக்கே, கரைக்குக் கரை வாகனங்களை ஏற்றிக்கொண்டு ஜங்கார் ஓடுகிறது. 2018 முதல், வண்டிகள் தாமே ஓடி ஏறி இறங்கும் ரோ-ரோ வகைப் படகுகளே அந்த வேலையைச் செய்கின்றன. போதாததற்கு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள், இப்போது வாட்டர் மெட்ரோ. முழுத் திட்டம் நிறைவேறும்போது 76 கிலோமீட்டர் நீளத்துக்கு 38 முனையங்களும் 78 படகுகளும் இருக்கும் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. அவை எல்லாம் இந்த வாயருகே வரப்போவதில்லை, பெரும்பகுதி உள்நாட்டுக் காயல் தடங்களில்தான் ஓடும். ஆனால் எர்ணாகுளத்தின் உயர் நீதிமன்றப் படகுத்துறை, வைப்பின், கோட்டைக்கொச்சி ஆகிய மூன்றும் சேரும் முக்கோணத்தில் ஏற்கெனவே இடம் நெருக்கம்தான்.

வேகத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். வாட்டர் மெட்ரோ படகு மின்கலத்தில் 8 நாட் வேகத்தில் போகும். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர். கரையிலிருந்து பார்த்தால் நிதானமாகத்தான் தெரியும். எதிரெதிரே அதே வேகத்தில் வரும் இரண்டு படகுகளுக்கு இடையே 500 மீட்டர் இருந்தால், ஒரே நிமிடத்தில் அந்த இடைவெளி தீர்ந்துவிடும். படகுக்குப் பிரேக் கிடையாது என்பது நமக்குத் தெரியும். பின்னோக்கி விசை கொடுத்தாலும் நீரோட்டம் எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும். மழைக்காலத்தில் பெரியாற்று வெள்ளமும் வற்றமும் (கடல்நீர் வடியும் ஓட்டம்) சேர்ந்து கடலை நோக்கி இழுக்கும்போது இது இன்னும் மோசம். ஆகாயத்தாமரை கொத்தாக மிதந்து வந்து விசிறியில் சிக்கினால், படகு நடுவழியில் நின்றே போகும்.

இத்தனையையும் கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது? துறைமுக சிமுலேஷன் என்றதும் பலர் மனத்தில் ஓடுவது மாலுமிகளுக்குப் பயிற்சி தரும் பெரிய திரைக்கூடம். அது வேறு. நான் சொல்லும் வகையில் நீரோ அலையோ கண்ணுக்குத் தெரியத் தேவையில்லை. அடிப்படையில் அது நேரவாரியாக அடுக்கப்பட்ட ஒரு நிகழ்வுப் பட்டியல். காலை 7 மணி 2 நிமிடத்துக்கு வைப்பின் துறையிலிருந்து ஒரு படகு புறப்படுகிறது. 7 மணி 3 நிமிடத்துக்கு ஒரு விசைப்படகு துறைமுக வாயை எட்டுகிறது. 7 மணி 5 நிமிடத்துக்கு ஜங்காரில் கடைசி லாரி ஏறுகிறது. கணினி பட்டியலின் தலையில் இருக்கும் நிகழ்வை எடுத்து நிறைவேற்றும். அதன் விளைவாகப் பிறக்கும் புதிய நிகழ்வுகளை உரிய இடத்தில் செருகும். கடிகாரத்தை நேராக அடுத்த நிகழ்வுக்குத் தாண்டவைக்கும். நடுவில் ஒன்றும் நடக்காத நிமிடங்களை அது கண்டுகொள்வதே இல்லை. அதனால் ஒரு நாள் முழுவதையும் சில வினாடிகளில் ஓட்டிவிடலாம். இரண்டு கலங்கள் ஒரே பகுதிக்குள் வந்தால் மட்டும் சிறுசிறு படியாக நகர்த்தி, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் வருகின்றன என்று அளந்துகொள்ளும். 1960களில் நார்வேயில் டாலும் நைகார்டும் இத்தகைய வேலைக்காகவே சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். இன்று நம் பிள்ளைகள் பல நிரல் மொழிகளில் படிக்கும் ஆப்ஜெக்ட், கிளாஸ் என்பவை அங்கிருந்து வந்தவைதான். இப்போது பைத்தானில் சிம்பை என்னும் இலவச நூலகமே போதும், சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

நிரல் எழுதுவது இதில் எளிய பகுதி. எண்களைத் திரட்டுவதுதான் பாடு. ஒரு படகு துறையில் அணைந்து மீண்டும் புறப்படும்வரை ஆகும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். மாநிலத் துறையின் பழைய படகுகளில் முன்னே சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிக்க, கீழே எந்திரத்தருகே இருக்கும் டிரைவர் அந்த மணியைக் கேட்டு வேகத்தைக் குறைப்பார் அல்லது பின்னோக்கி ஓட்டுவார். லஸ்கர் வடத்தை வீசிக் குற்றியில் சுற்றுவார். இறங்குபவர்கள் இறங்கி முடிக்கும் முன்பே ஏறுபவர்கள் கால் வைத்துவிடுவார்கள். சைக்கிளும் மீன்கூடையும் வந்தால் இன்னும் கொஞ்சம் நேரம். வாட்டர் மெட்ரோவின் மிதக்கும் துறைமேடை ஏற்றவற்றத்தோடு சேர்ந்து உயர்ந்து தாழ்வதால், படகின் தளமும் மேடையும் எப்போதும் சமமாக இருக்கும். சக்கர நாற்காலிகூடத் தடையில்லாமல் உருளும். இரண்டுக்கும் ஒரே சராசரியைப் போட்டுவிட்டால் மாதிரி பொய் சொல்லும். நான் மாணவர்களிடம் வலியுறுத்துவது இதைத்தான்: சராசரியை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள், ஒவ்வொரு அணைதலுக்கும் எவ்வளவு ஆனது என்று தனித்தனியாக எழுதி வாருங்கள். துறையில் இரண்டு நிமிடம் ஆகும் படகு எப்போதாவது ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறதே, நெரிசல் முழுவதும் அந்த ஆறு நிமிடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

மீன்பிடிப் படகுகளின் வரவு இன்னொரு சிக்கல். பாடப்புத்தகத்தில் இத்தகைய வரவுகளைத் தற்செயலாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிகழ்பவையாக வைத்துக்கொள்வது வழக்கம். தொலைபேசி அழைப்புகளுக்காக எர்லாங் 1909இல் போட்ட கணக்கின் வழி வந்த பழக்கம் அது. தோப்பும்படியில் தங்கித் தொழில் செய்யும் எங்கள் தூத்தூர்ப் பக்கத்து ஸ்ராங்கு ஒருவரிடம், “அண்ணே, கரைக்கு எந்த நேரத்துல வருவீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “எப்ப வேணும்னாலும் வருவோம் மக்கா, ஆனா ஏலத்துக்கு முந்தி வந்து சேரணும்லா. எல்லாவனுக்கும் அதே அவசரந்தான்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தோடு தற்செயல் வரவு என்னும் அனுமானம் அடிபட்டுப் போயிற்று. கடலில் தனித்தனியே இருந்தவர்கள், ஏலம் என்னும் ஒரே காரணத்தால், விடியலில் ஒரே வாய்க்குள் கொத்தாக வந்து சேர்கிறார்கள். அதற்குப் பின் ஐஸ், டீசல் என்று மீண்டும் ஒரு கொத்து. அலுவலகம் போகிறவர்களின் காலைப் படகுகள் ஓடத் தொடங்கும் நேரமும் ஏறத்தாழ அதையொட்டித்தான் வருகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை இதன் உச்சத்தைக் காணலாம். கேரளத்தில் விசைப்படகு இழுவலை மீன்பிடிப்புக்கு விதிக்கப்படும் 52 நாள் தடை ஜூலை 31 நள்ளிரவில் முடியும். அந்த இரவில் அத்தனை படகுகளும் ஒன்றாகக் கிளம்பும். சராசரி நாளை வைத்துக் கட்டப்பட்ட மாதிரிக்கு அந்த நாள் என்பதே கிடையாது.

வரவு சரியாக அமைந்த பிறகு, படகுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் விதியாக எழுத வேண்டும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் அதற்கு நல்ல தொடக்கம். குறுக்கே வரும் இரண்டு விசைக் கலங்களில், மற்றதைத் தன் வலப்புறத்தில் காண்பது வழிவிட வேண்டும். குறுகிய கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைந்த கலமும், மீன்பிடிக்கும் கலமும், கால்வாயை விட்டு விலக முடியாத பெரிய கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஏட்டில் இருப்பது இது. நடைமுறையில் எந்தப் படகு யாருக்கு வழிவிடுகிறது என்பது ஸ்ராங்குகளுக்குள் பழகிப்போன ஒரு புரிதல். அதைத் துறையில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நெருங்கிவிட்டது’ என்று எப்போது சொல்வது என்பதற்கும் ஓர் அளவு தேவை. ஜப்பானிய நீரிணைகளை ஆராய்ந்த புஜி, கப்பல் தன்னைச் சுற்றி விட்டுக்கொள்ளும் இடத்தை ஒரு நீள்வட்டமாக வரைந்தார். நெடுக்காகக் கப்பல் நீளத்தில் எட்டு மடங்கு, குறுக்காக 3.2 மடங்கு. 25 மீட்டர் படகுக்கு அது 200 மீட்டருக்கு 80 மீட்டர். கொச்சியின் வாயில் இத்தனை பெரிய வட்டத்தை எல்லாருக்கும் ஒதுக்க இடம் கிடையாது. உள்துறைக்கு வேறு, சிறிய அளவை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த அளவை வைத்தாலும், இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது அதை மாற்றாமல் இருப்பதே முக்கியம்.

ஒப்பிடும் முறையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது, கற்பனையான ஒரு நாளைப் பார்ப்பது மட்டுமே. பழைய கால அட்டவணையை நல்ல நாளிலும் புதியதை மழை நாளிலும் ஓட்டிவிட்டு, பழையதுதான் மேல் என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டுக்கும் அதே மழை, அதே விசைப்படகுகள், அதே தாமதமான லாரி அமையும்படி ஒரே தற்செயல் எண் வரிசையைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் அட்டவணையால் வந்தது என்று துணிந்து சொல்ல முடியும். நிஜத் துறைமுகத்தில் ஒருபோதும் செய்ய முடியாத காரியம் இது; ஒரே நாளை இரண்டு முறை வாழ்ந்து பார்க்க யாராலும் முடியாது. சிமுலேஷனின் தனிச்சிறப்பாக நான் மதிப்பதும் இதையே.

நானும் மாணவர்களும் இப்படிக் கட்டிப் பார்த்த சிறு மாதிரி, முடிவெடுக்கத் தகுந்ததல்ல, பயிற்சிக்கானது. ஆனாலும் அது திரும்பத் திரும்பக் காட்டிய ஒன்றைச் சொல்லலாம். படகுகளைக் கூட்டியபோது சந்திப்புகள் எல்லா இடத்திலும் சமமாகக் கூடவில்லை. வாயருகிலும், துறைமேடைக்கு வெளியே அணைவதற்காகக் காத்துக் கிடக்கும் இடத்திலுமே குவிந்தன. இதில் இரண்டாவது இடம் கவனிக்கத்தக்கது. படகு கூடினாலும் துறைமேடை கூடவில்லை என்றால், முன்பு கரையில் மனிதர்களாக நின்ற வரிசை இப்போது நீரில் படகுகளாக நிற்கிறது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரம்கூட இதைச் சொல்லும். வரவும் சேவையும் தற்செயலாக அமையும் ஒற்றைத் துறைமேடை 80 விழுக்காடு நேரம் பயன்பாட்டில் இருந்தால் காத்திருக்கும் படகுகள் சராசரியாக 3.2, 90 விழுக்காடானால் 8.1, 95 விழுக்காடானால் 18. அட்டவணைப்படி ஓடும் படகுகளுக்கு எண்கள் இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் கடைசிக் கொஞ்சத்தில் செங்குத்தாக ஏறும் அந்த வளைவு மாறாது. துறைமேடையை முழுமையாகப் பயன்படுத்துகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் நிர்வாகம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அச்சத்தைத் தருகிறது.

அட்டவணையைச் சில நிமிடங்கள் நகர்த்துவதால் மட்டுமே எவ்வளவு பயன் கிடைக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. எல்லாத் தடங்களும் மணி அடித்தாற்போல் முழு மணிக்கும் அரை மணிக்கும் புறப்பட்டால், அவை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்திப்பதில் வியப்பில்லை. ஒரு தடத்தை ஐந்து நிமிடம் தள்ளிவைப்பதற்குச் செலவே கிடையாது. புதிய படகும் வேண்டாம், புதிய துறையும் வேண்டாம்.

பயணிகளின் பக்கத்திலும் இத்தகைய ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படகு என்றால், நினைத்த நேரத்தில் துறைக்கு வருபவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கையில் படகுகள், ஆனால் ஐந்து நிமிடத்திலும் இருபத்தைந்து நிமிடத்திலும் மாறிமாறி வந்தால், சராசரிக் காத்திருப்பு கிட்டத்தட்ட பதினொரு நிமிடமாகிவிடும். ஏனென்றால் நீண்ட இடைவெளியில்தான் அதிகப் பேர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்துக்காக மார்த்தாண்டத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெடுநேரம் ஒன்றும் வராமல், பிறகு இரண்டு பேருந்துகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல் வரும். படகை ஒழுங்காக இடைவெளிவிட்டு ஓட்டுவதே, படகைக் கூட்டாமல் கூட்டத்தைக் குறைக்கும் வழி.

எங்கள் கன்னியாகுமரிக்கு வருகிறேன். இங்கே துறைமுக நெரிசல் கிடையாது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் போய்த் திரும்புகின்றன. நெரிசல் முழுவதும் கரையில். மணிக்கு 600 பேர் வரும் ஒரு காலையில் ஒவ்வொருவரும் அரை மணி நேரம் நின்றால், எந்த நேரம் பார்த்தாலும் வரிசையில் 300 பேர் இருப்பார்கள். 150 பேர் ஏறும் படகுக்கு அது இரண்டு முழு நடை. முன்பெல்லாம் திருவள்ளுவர் சிலைக்கும் படகில்தான் போக வேண்டும். சிலையிருக்கும் பாறையைச் சுற்றி நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் கொந்தளித்தாலோ அந்த நடை மட்டும் நிறுத்தப்படும். கரை, பாறை, சிலை என மூன்று முனைகள் கொண்ட சுற்று, கடலின் மனநிலைக்கு ஏற்ப அறுந்து அறுந்து ஓடியது. 2024 டிசம்பர் இறுதியில் இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதும், மாதிரியின் வடிவமே மாறிவிட்டது. இப்போது படகுக்கு இரண்டே முனைகள் போதும். சிலைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் பாலம் வந்ததால் மக்கள் பாறையில் தங்கும் நேரம் கூடும். அங்கிருந்து திரும்பும் வரிசையும் நீளும். கரையில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை இனிப் படகின் எண்ணிக்கை தீர்மானிக்காது, பாறையின் கொள்ளளவு தீர்மானிக்கும். இன்னும் இரண்டு படகு வாங்கினால், கூட்டம் கரையிலிருந்து பாறைக்கு இடம் மாறும். டீக்கடைக் கேள்விக்கு என் பதில் இதுவே.

சிமுலேஷனின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கேரள நீர்வழிகளில் இந்த நூற்றாண்டில் அதிக உயிர்களைக் கொண்டுபோன விபத்துகளை வரிசைப்படுத்தினால், 2002இல் குமரகம் விபத்தில் 29 பேர், 2009இல் தேக்கடியில் 45 பேர், 2023இல் தானூரில் 22 பேர். இவை படகும் படகும் மோதிய விபத்துகள் அல்ல. சுமை மிகுந்ததும், படகின் சமநிலை குலைந்ததும், ஓடத் தகுதியற்ற படகை ஓட்டியதும் போன்ற காரணங்களே இவற்றில் பேசப்பட்டவை. சந்திப்புகளை மட்டும் எண்ணும் மாதிரி இவற்றில் ஒன்றைக்கூட முன்கூட்டிக் காட்டியிருக்காது. மோதலும் நடக்காமல் இல்லை. 2015 ஆகஸ்ட் 26 அன்று கோட்டைக்கொச்சித் துறையருகே மீன்பிடிப் படகொன்று பயணிகள் படகின்மீது மோதியதில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே நீரில் நிகழும் சந்திப்பையும் கரையில் சேரும் கூட்டத்தையும் பிரித்து ஆராய்வது தவறு என்பது என் கருத்து. அடுத்த படகு வெகுநேரம் வராது என்று தெரிந்தால்தான் மக்கள் இந்தப் படகிலேயே முண்டியடித்து ஏறுவார்கள். அதைத் தடுக்கும் துணிவு நடத்துநருக்கும் குறையும். எனவே ஒவ்வொரு நடையிலும் ஏற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையும் மாதிரியிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் கடைசிப் படகைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, திரையில் வண்ணப் புள்ளிகளாகப் படகுகள் நகரும் அசைபடம். பார்த்தவுடன் நம்பிக்கை வந்துவிடும். அதனாலேயே அதைக் கடைசியில்தான் காட்ட வேண்டும் என்பேன். நிஜத் துறையில் அளந்த காத்திருப்பையும் மாதிரி சொல்லும் காத்திருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை, அந்தப் புள்ளிகள் வெறும் பொம்மலாட்டம்தான்.

நல்ல தரவு கிடைப்பது இப்போது முன்பைவிட எளிதாகி வருகிறது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை வைத்திருப்பது கட்டாயம். அதனால் பெரிய கப்பல்களின் தடங்கள் பதிவாகிவிடுகின்றன. பதிவாகாமல் நழுவுபவை சிறிய படகுகளே. இருப்பிடத்தை அறிவிக்கும், இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருக்கிறது. புயல் எச்சரிக்கைக்காகவும் மீட்புக்காகவும் வந்த கருவி அது. ஒகி புயலில் எங்கள் கடற்கரை ஊர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு அதன் தேவையை யாரும் மறுக்க மாட்டார்கள். அதன் பதிவுகள், படகு யாருடையது, எங்கே மீன் கிடைத்தது என்னும் தொழில் ரகசியங்களை நீக்கிவிட்டு, துறைமுக வாயைக் கடந்த நேரங்களை மட்டுமாவது ஆய்வுக்குக் கொடுத்தால், கொச்சிக்கு ஓர் உண்மையான மாதிரியைக் கட்டிவிடலாம். கொடுத்தால் நான் முதலில் ஓட்டிப் பார்க்க விரும்புவது ஆகஸ்ட் முதல் வாரத்தை. தடை முடிந்து விசைப்படகுகள் ஒன்றாகக் கிளம்பும், தென்மேற்குப் பருவமழை இன்னும் விட்டிருக்காது, ஆற்று வெள்ளத்தோடு ஆகாயத்தாமரையும் இறங்கி வரும்; அந்த வாரத்துக்கென்று ஒரு தனிப் படகு அட்டவணை வேண்டுமா, வழக்கமான அட்டவணையே தாங்குமா என்பது அதில் தெரிந்துவிடும்.